சாம்பிராணி போட்ட பிறகு திறக்கும் சர்வர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்துவிடும். குழம்பில் உப்பு, டிவி சத்தம், துவைக்காத யூனிஃபார்ம், எதுவாவது ஒன்று கிடைக்கும். உண்மையான காரணம் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். பல வருஷம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் நான் பையை மாட்டிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன்.

என் கணவருக்குத் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை, வீடும் அங்கேதான். எனக்குச் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில். வாரம் முழுக்க நான் லேடீஸ் ஹாஸ்டலில், அவரும் மகளும் திருவண்ணாமலையில். பௌர்ணமி வந்து விழுந்த வாரமென்றால் ஊருக்கு வருவதும் கிடையாது. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக்கூட இடமிருக்காது. மகள் சின்னவளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் செருப்பில் ஒன்றை மட்டும் ஒளித்துவைத்துவிடுவாள். அரிசி டிரம்மில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால், ஒரு தடவை ஃப்ரிட்ஜில் கத்திரிக்காய்க்கு அடியில். இரண்டையும் ஒளித்தால் அம்மா வேறு ஜோடி போட்டுக்கொண்டு போய்விடுவாள், ஒன்றை ஒளித்தால் தேடிக்கொண்டே இருப்பாள் என்று அந்தக் குட்டி மண்டைக்குள் ஒரு யோசனை. நான் சிரித்துக்கொண்டே தேடுவேன். பஸ் ஊரைத் தாண்டியதும் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு அழுவேன்.

இப்போது அவள் எட்டாவது படிக்கிறாள். நான் ஊரோடு வந்து சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தால் மூன்று பேருக்கும் முகம் மாறிவிடுகிறது.

என்னை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு மிஷின். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

நான் வேலை செய்வது ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி விற்கும் டூலில். வரி வரியாக எழுதாமல், பெட்டியையும் பட்டனையும் திரையில் இழுத்து வைத்து, இதை அழுத்தினால் பில் போடு, அதை அழுத்தினால் இருப்பைக் காட்டு என்று சொல்லிவிட்டால், மீதியை அதுவே உள்ளே எழுதிக்கொள்ளும். இப்போது படித்துவிட்டு வரும் பிள்ளைகள் அந்த டூலின் பெயரைக் கேட்டாலே சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அது எனக்குச் சோறு போட்டது. அதில் இருந்த ஒரே வில்லங்கம், அதில் செய்ததை அந்தக் கம்பெனியின் சொந்த சர்வரில்தான் ஓட்ட முடியும் என்பது. சர்வர் என்பது எல்லாக் கணினிகளுக்கும் பின்னால் உட்கார்ந்து வேலை வாங்குகிற பெரிய மிஷின். அதற்கு லைசென்ஸ். லைசென்ஸை ஒரே ஒரு பெட்டியோடு கட்டிப்போட்டுவிடுவார்கள். பெட்டி எங்கேயோ அங்கேதான் எல்லாம்.

அப்படிப்பட்ட ஒரு பெட்டி தேரடி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் இருந்தது. கடைக்காரர் பாய், எங்கள் கம்பெனியின் பழைய கஸ்டமர். போளூரிலும் செங்கத்திலும் அவருக்குக் கிளைகள். பில், இருப்பு, வண்டி, எல்லாமே நான் செய்துகொடுத்த திரைகளில் ஓடின. ஏதாவது கோளாறு என்றால் போனில் பேசிச் சரிசெய்வது அவருக்குப் பிடிக்காது. "ஆள கண்ணால பாக்கணும்மா. போன்ல பேசுறவங்கள நான் நம்ப மாட்டேன்" என்று அவர் பிடித்த பிடிவாதத்தில்தான் எங்கள் கம்பெனி என்னை இங்கேயே போட்டது. கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு ஃபேன். கீழே கல்லாவுக்குப் பின்னால், கம்பி போட்ட சின்ன ரூமில் அந்தப் பெட்டி. அதைத் தொட எனக்கு அனுமதியில்லை. லைசென்ஸ்காரர்களின் ஏஜென்ட் மட்டும்தான் தொடலாம். தொடாவிட்டால் என்ன? அது இங்கே இருந்தது, அதனால் நானும் இங்கே இருந்தேன். வேறு எதற்கும் நான் அவ்வளவு நன்றியோடு இருந்ததில்லை.

பாய்க்கு அந்த லைசென்ஸ் என்றாலே பற்றிக்கொண்டு வரும். "இன்னாம்மா இது, வாங்குன பொருளுக்கு வருஷா வருஷம் வாடகையா? தராசு விக்கிறவன் இப்படிக் கேட்டா நான் சும்மா விடுவேனா?" என்பார். எனக்கும் கோபம்தான். இன்னொரு பக்கம், யாருக்கும் சொந்தமில்லாத, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் சர்வர்களில் உலகமே ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் மட்டும் ஒரு பெட்டிக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தோம். டூல் கம்பெனியின் வாடிக்கையாளர் இணையப் பக்கத்தில் போய், எங்கள் டூல் ஓப்பன் சோர்ஸ் சர்வரில் ஓட எப்போது வழி விடுவீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே பதில். மனுஷன் பதில் போடுகிறானா பொம்மை போடுகிறதா என்றே சந்தேகம் வரும். நான் விடவில்லை. எனக்கு ஒன்றைப் பிடித்தால் விடத் தெரியாது.

ஒரு நாள் அறிவிப்பு வந்தேவிட்டது. புது வெர்ஷனில் ஓப்பன் சோர்ஸ் சர்வர்களுக்கும் ஆதரவு. படித்த உடனே மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி ஓடினேன். கல்லாவில் பருப்பு வியாபாரி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்த பாய் பயந்துபோய் எழுந்துவிட்டார்.

"பாய், வந்துடுச்சுங்க! இனிமே லைசென்ஸ் வேணாம். இந்தப் பெட்டியே வேணாம். வெளியில ஒரு சர்வர வாடகைக்கு எடுத்து அதுல ஓட்டிடலாம்!"

"நெஜமாவா? அப்ப செய்ங்கம்மா, எதுக்கு நிக்கிறீங்க?"

அன்றைக்கே சென்னையில் இருக்கிற என் மேனேஜருக்கும் போன் போட்டு, நான் மாற்றிக்காட்டுகிறேன் சார், நம்ம கம்பெனியிலேயே முதல் ஆளாக, என்று பெருமையடித்துக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் எதையும் உடனே பாராட்டிவிட மாட்டார், கலெக்டர் ஆபீஸில் ஃபைல் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். வண்டியைத் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார். துணியை உதறிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"எல்லாம் சரி. பொட்டி இங்க இருக்குதுன்னுதான் ஒன்ன இங்க போட்டாங்க. பொட்டியே இல்லன்னா, நீ எதுக்கு இங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

எனக்கு வந்ததே கோபம். "ஒரு நல்ல விஷயம் சொன்னா அதுல ஓட்ட கண்டுபிடிக்கிறதே வேல! ஒங்களுக்கு நான் முன்னேறுறது புடிக்கல, அதானே?" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். கத்தினேனே தவிர, அவர் சொன்னது மண்டையை விட்டுப் போகவில்லை. இத்தனை வருஷம் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டு வாங்கினது என் காலடி மண்ணையே பறிக்கிற ஒன்றையா என்று திடுக்கென்றது.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன். மொட்டை மாடிக்குப் போவேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் இறங்கி வருவேன். கடையில் பக்கத்து டீக்கடைக்காரர், "என்னா மேடம், காலைலேருந்து மூணாவது டீ" என்றார். ஒரு நாள் மனசு சரியில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் சும்மா ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு கஃபே வாசலில் வெள்ளைக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. எவ்வளவு தூரத்திலிருந்தோ வந்து அந்த மனுஷனால் எங்கள் ஊரில் நிம்மதியாக உட்கார முடிகிறது, எனக்கு என் சொந்த வீட்டில் முடியவில்லையே என்று பொறாமை.

வேலையை மட்டும் நிறுத்தவில்லை. அரைகுறையாக வேலை செய்ய எனக்கு வராது. வாடகை சர்வர் ஒன்றை எடுத்தோம். எந்த ஊரில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்தில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். என் திரைகளைப் புது வெர்ஷனில் ஏற்றி அதில் போட்டேன். முதலில் போளூரும் செங்கமும் புது சர்வரில் பில் போடட்டும், எல்லாம் சரியாக இருந்தால் பௌர்ணமிக்குள் பெரிய கடையும் மாறட்டும் என்று ஏற்பாடு. பௌர்ணமி என்றால் பாய் கடையில் தள்ளுமுள்ளு. அன்னதானம் போடுகிறவர்கள் அரிசியும் பருப்பும் ரவையும் மூட்டை மூட்டையாக எடுப்பார்கள். அன்றைக்கு பில் நின்றால் கல்லாவில் சட்டையைப் பிடித்துவிடுவார்கள்.

முதல் நாள் ஜோராக ஓடியது. நான் பட்டனை அழுத்தினால் பில் பறந்தது. மறுநாள் மத்தியானம் போளூரிலிருந்து போன். "அக்கா, பில்லு சுத்திக்கினே இருக்குது." சாயங்காலம் சர்வர் படுத்துவிட்டது. அணைத்துத் திரும்பப் போட்டேன், எழுந்துகொண்டது. அடுத்த நாள் நல்ல பிள்ளையாக ஓடியது. அதற்கு மறுநாள் மத்தியானம் பழைய குருடிதான். எவ்வளவோ தேடினேன். என் திரைகளில் ஒரு மாற்றமும் இல்லை. இதே திரைகள் பாய் கடையின் பழைய பெட்டியில் வருஷக்கணக்காக ஒரு முனகல் இல்லாமல் ஓடியவை. டூல் கம்பெனிக்கு எழுதினால், உங்கள் சர்வரில்தான் ஏதோ சரியில்லை என்று பதில். மேனேஜர், "மேடம், பௌர்ணமிக்குள்ள ஆகலன்னா விட்டுடுங்க. பழைய லைசென்ஸையே கண்டினியூ பண்ணச் சொல்லிடலாம்" என்றார்.

அதைக் கேட்டதும் என் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. ஆமாம், சந்தோஷமாக இருந்தது. ஆகவில்லை என்று ஒரு வரி எழுதிப்போட்டால் பெட்டி இங்கேயே இருக்கும், நானும் இங்கேயே இருப்பேன். யாருக்கும் நஷ்டமில்லை, லைசென்ஸ் கட்டுகிற பாயைத் தவிர. அப்படி நினைத்த அடுத்த நிமிஷமே, ஏன் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று மண்டைக்குள் குடைய ஆரம்பித்தது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் நான் மத்தியானம் சீக்கிரமே வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவேன். பாய் கடையை ஜும்ஆ தொழுகைக்காகச் சாத்துவார்கள். அன்று சாப்பாடு இறங்காது என்று தோன்றியதால் போகவில்லை. கீழே இறங்கி வந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பழைய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்கிற மாதிரி. அப்போது கல்லாவில் இருக்கிற தம்பி சாவிக்கொத்தோடு வந்து கம்பிக் கதவைத் திறந்தார். கீபோர்டில் இரண்டு தட்டுத் தட்டினார். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. பிறகு சுவரில் இருந்த மெயினையும் இறக்கினார்.

"தம்பி! என்னா பண்றீங்க?"

"கட சாத்துறோம்கா."

"அது சர்வர்! அத எதுக்கு அணைக்கிறீங்க?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "கட சாத்துனா எல்லாத்தயும்தான் அணைப்போம். நைட்டும் அப்டிதான். ஒழுங்கா ஷட் டவுன் போட்டுட்டுதான் மெயின எறக்குவேன், ஏஜென்ட் சார் சொல்லிக் குடுத்தாரு. காலைல சாம்பிராணி போட்டப்புறம் தெறப்போம்."

எங்கள் ஊர்க் கடைத்தெருவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். காலையில் சாம்பிராணிக்காரர் ஒருவர் கையில் தூபத்தோடு கடை கடையாக ஏறி இறங்குவார். இந்துக் கடை, முஸ்லிம் கடை என்றில்லை. கல்லாவுக்கு ஒரு தடவை, தராசுக்கு ஒரு தடவை புகையைக் காட்டிவிட்டுப் போவார். அதற்குப் பிறகுதான் முதல் வியாபாரம். பாய் கடையில் அந்தப் புகை கம்பி ரூமுக்கும் போயிருக்கிறது. புகை காட்டி, பிறகு சர்வரைத் திறந்து, இரவு கடையோடு சேர்த்துச் சாத்தியிருக்கிறார்கள். ஒரு நாள் தவறாமல், வருஷக்கணக்காக. நான் வருவதற்கு முன்பே திறந்து, போன பிறகு சாத்தியிருக்கிறார்கள். ஒரு சர்வரை யாராவது கடை மாதிரி சாத்துவார்களா? உலகத்தில் வேறெங்கும் செய்ய மாட்டார்கள். இங்கே செய்திருக்கிறார்கள்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. கோளாறு புது சர்வரில் இல்லை, டூலிலேயே இருந்தது. ஒவ்வொரு திரை திறக்கும்போதும் அது சர்வரின் நினைவகத்தில் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும். திரையை மூடினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. எடைபோட எடுத்த கோணிகளைத் திருப்பி குடோனில் வைக்காமல் கல்லா பக்கமே போட்டுக்கொண்டே போனால் கடைசியில் நடக்க இடமிருக்காதில்லையா, அந்தக் கதை. பழைய பெட்டியில் ராத்திரியானால் அணைத்துவிட்டதால் எல்லாம் காலியாகி, காலையில் புதுசாக ஆரம்பித்தது. புது சர்வருக்குத் தூக்கமே கிடையாது. அதனால் இரண்டாம் நாள் மூச்சு முட்டியது.

நான் அந்த இடத்தில் நின்று சத்தமாகச் சிரித்தேன். தம்பி, "என்னாச்சுக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். சிரிப்பு நின்றதும் பயம் வந்தது. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் பெட்டியும் நானும் இங்கேயே. மகள் முகம் கண் முன்னால் வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், மாடிப்படி ஏறுவதற்குள் என் மனசு எத்தனை பக்கம் சாய்ந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் மேலே போனதும் கை தானாகவே கீபோர்டுக்குப் போய்விட்டது. கண்ணெதிரே ஒரு முடிச்சு அவிழ்ந்து கிடக்கும்போது அதை இழுக்காமல் இருக்க என்னால் ஆகாது. என் குணம் அப்படி, அதற்கு நான் என்ன செய்ய?

ஒவ்வொரு திரையிலும், மூடும்போது எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று கையால் எழுதிச் சேர்த்தேன். அதை டூல் கம்பெனிக்கும் எழுதினேன். இந்த முறை பதில் பொம்மை போட்ட மாதிரி இல்லை. நன்றி என்று ஒரு மனுஷன் எழுதியிருந்தான். போளூரும் செங்கமும் இரண்டாம் நாளைத் தாண்டின, மூன்றாம் நாளையும் தாண்டின. பெரிய கடையையும் மாற்றினோம்.

பாயிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். புது சர்வரை அணைக்கவே வேண்டியதில்லை, ராத்திரி பகல் ஓடும் என்றேன். அவர் முகம் சுருங்கியது.

"ராவெல்லாம் கட தெறந்து கெடக்குமா?"

"கட இல்லீங்க பாய், சர்வர் மட்டும்."

"யாரும் இல்லாத நேரத்துல தெறந்து போட்டா அது என்னா யாவாரம்? வேணாம்மா. நைட்டு சாத்துங்க. காலைல சாம்பிராணி போட்டப்புறம் தெறங்க."

"தேவையே இல்லீங்க."

"தேவ இல்லாம இருக்கட்டும். எனக்கு மனசு ஒப்பல."

தானாக மூடித் திறக்கிற மாதிரி நேரம் வைத்துப் பார்த்தேன். ஆனால் சாம்பிராணிக்காரர் ஒரு நாள் சீக்கிரம் வருவார், ஒரு நாள் மழையில் தாமதிப்பார். புகை வருவதற்கு முன்னால் சர்வர் திறந்துகொண்டால் பாய் அன்று முழுக்க உம்மென்று இருப்பார். கடைசியில் ராத்திரி மூடுவதற்கு மட்டும் நேரம் வைத்துவிட்டு, காலையில் நான் முன்னைவிடச் சீக்கிரம் வந்து, கீழேயிருந்து குரல் வந்தால் நானே மேலேயிருந்து திறப்பது என்று ஆனது.

பௌர்ணமி வந்தது. காலையிலிருந்தே ரோட்டை மறித்துவிட்டார்கள். கணவருக்குக் கலெக்டர் ஆபீஸிலிருந்து கிரிவலக் கூட்ட டூட்டி, விடியுமுன்பே போய்விட்டார். நான் வேங்கிக்காலிலிருந்து நடந்தே கடைக்குப் போனேன். கடையில் மூச்சுவிட இடமில்லை. பில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பாய் அவ்வளவு கூட்டத்திலும் மாடியைப் பார்த்து, "ஜோரா இருக்குதும்மா!" என்று கத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே மேனேஜர் கூப்பிட்டார். அவர் என்னைவிடச் சின்னவர், கெட்டவர் இல்லை.

"மேடம், சூப்பர்! கஸ்டமர் செம ஹேப்பி. இனிமே அந்த சைட்ல ஆள் தேவையில்லல்ல? அடுத்த மாசத்துலேருந்து இங்க வந்துடுங்க. இதே டூல் வெச்சிருக்கிற எல்லா கஸ்டமரும் மாத்தணும்னு க்யூல நிக்கிறாங்க. திங்கக்கிழமை ஒரு மீட்டிங் இருக்கு, நேர்ல வந்து பேசிட்டுப் போங்க."

"சரி சார்" என்றேன். அந்த இரண்டு வார்த்தை எப்படி வந்ததென்று எனக்குத் தெரியவில்லை. மேலதிகாரி சொன்னால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, சனியன்.

கணவரிடம் சொன்னபோது, அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். "பாப்பாகிட்ட நீயே சொல்லிடு" என்று மட்டும் சொன்னார். நான் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பரணிலிருந்து பழைய பையை இறக்கி ஜிப் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அறை வாசலில் நின்றாள். பையைப் பார்த்தாள். "மீட்டிங்குதான்" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். மேனேஜரிடம் நான் சொன்ன அதே 'சரி'.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சண்டை வரவில்லை. மூன்று பேரும் மரியாதையாகச் சாப்பிட்டோம். கூட்டு நல்லாருக்குது என்று கணவர் சொன்னார். மகள் தன் தட்டைத் தானே கழுவி வைத்தாள். வீட்டுக்குள் விருந்தாளிகள் இருக்கிற மாதிரி இருந்தது, தாங்க முடியவில்லை.

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செருப்பு ஸ்டாண்டில் என் செருப்பு ஒன்றுதான் இருந்தது.

முதலில் நாய் தூக்கிப் போயிருக்கும் என்று நினைத்தேன். ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். கணவர் வெளியே வண்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றவர், என்னைப் பார்த்தார், ஸ்டாண்டைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மெல்ல உள்ளே எட்டிப் பார்த்தேன். மகள் சோபாவில் அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை. பக்கமும் திருப்பவில்லை. காதோரம் மட்டும் சிவந்திருந்தது. என் உயரம் வளர்ந்துவிட்ட பெண், சின்ன வயசில் செய்ததையே செய்திருக்கிறாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை, பாவம்.

நான் பையைக் கீழே வைத்தேன். வெறுங்காலோடு வாசல் படியில் உட்கார்ந்து மேனேஜருக்குப் போன் போட்டேன். உள்ளே கேட்கட்டும் என்று வேண்டுமென்றே சத்தமாகப் பேசினேன்.

"சார், நாளைக்கு மீட்டிங்குக்கு வரல. இங்கேருந்தே வீடியோல வர்றேன். அடுத்த மாசமும் வரல."

"என்ன மேடம் திடீர்னு? ஒரு ரீசன் சொல்லுங்க, நான் மேல பேசணுமில்ல?"

"ரீசன்தானே? நம்ம புது சர்வர் எங்க இருக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா சார்? எனக்கும் தெரியாது. எங்க இருந்தாலும் ஓடுது, யாருக்கும் கவல இல்ல. அதுக்குத்தான நான் இவ்ளோ பாடுபட்டேன்? பொட்டி எங்கயோ இருந்து ஓடலாம், அத ஓட்டுற நான் மட்டும் ஒங்க ஆபீஸ் நாற்காலியிலதான் ஒக்காரணுமா? டூல் கம்பெனிக்காரன் லைசென்ஸ் போட்டு பொட்டிய கட்டிப்போட்டான். நீங்க என்னைக் கட்டிப்போடுறீங்க. என்னா வித்தியாசம்?"

"கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றார். வேலை போனால் போகட்டும் என்று வீரமாக நினைத்துப் பார்த்தேன், வீரம் வரவில்லை, பயம்தான் வந்தது.

மறுநாள் பழைய வார் பிய்ந்த செருப்பை இழுத்துக்கொண்டு கடைக்குப் போய், மேலே என் மேஜையிலிருந்து வீடியோவில் உட்கார்ந்தேன். மேனேஜரும் அவருக்கு மேலே இருக்கிற அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மா, "பக்கத்துல ஒக்காந்து வேல செஞ்சாதான் டீமா இருக்க முடியும்" என்று ஆரம்பித்தார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது கீழேயிருந்து தம்பியின் குரல் படியெல்லாம் அதிர ஏறி வந்தது.

"அக்காவ்! பொக போட்டாச்சு! சர்வர தெறங்க!"

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் திறந்தேன். என்ன அது என்று அந்த அம்மா கேட்டார். சாம்பிராணி, ஜும்ஆ, மெயின் சுவிட்ச், மூச்சு முட்டின சர்வர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இதை சென்னையில் உட்கார்ந்திருந்தால் எப்போது கண்டுபிடித்திருப்பீர்கள் என்று அவரே கேட்டார். கண்டுபிடித்திருக்கவே மாட்டேன் என்றேன். அடுத்த கஸ்டமரை அங்கிருந்தே மாற்றிக்காட்டுங்கள், பிறகு பேசலாம் என்றார். பிறகு பேசலாம் என்றால் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சென்னை நம்பரிலிருந்து போன் வந்தால் இப்போதும் கொஞ்சம் அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் புதுசாக ஒரு ஜோடி வாங்கிக்கொண்டேன். மகள் அதை ஸ்டாண்டில் பார்த்துவிட்டு, "பழசு?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

"ஒண்ணுதான் இருக்குது. கெடக்கட்டும்."

மற்றது எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டைப் பெருக்கும்போதுகூட சில மூலைகளில் நான் துடைப்பத்தை விடுவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சண்டை வந்தது. சாம்பாரில் உப்பு என்று கணவர் ஆரம்பித்தார், மகள் அவரோடு சேர்ந்துகொண்டாள், நான் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, தட்டை இழுத்து ஒரு வாய் எடுத்துப் போட்டேன். உண்மையிலேயே உப்பு ஜாஸ்தியாகத்தான் இருந்தது.